வெள்ளித்திரையில் ஒரு துறவு உடை: 1997ஐத் திரும்பிப் பார்க்கையில்

ஓர் ஆண்டை நாம் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அதன் பெருஞ்செய்திகளைக் கொண்டுதான். 1997 என்றதும், பிரிட்டன் தன் ஆட்சியிலிருந்த ஆங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைத்த ஜூலை முதல் நாள் சிலருக்கு நினைவில் எழும். குளோனிங் முறையில் பிறந்த டோலி என்னும் செம்மறியாட்டைப் பற்றி அவ்வாண்டு பிப்ரவரியில் உலகமே வியந்து பேசியது. நாட்டு விடுதலையின் பொன்விழாவும், அதற்குச் சில வாரங்களுக்கு முன் கே. ஆர். நாராயணன் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றதும் அவ்வாண்டின் நிகழ்ச்சிகளே. நம் பகுதியினர்க்கு வேறொரு நினைவும் உண்டு. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தினின்று பிரிந்து திருவள்ளூர் தனி மாவட்டமானது அந்த 1997இல்தான்.

கத்தோலிக்க வாசகர் அவ்வாண்டைத் திரும்பிப் பார்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜனவரி முதல் அக்டோபர் வரையிலான பத்து மாதங்களில் துறவறப் பெண் நான்கு முறை, நான்கு கோலங்களில், பொதுவெளிக்கு வந்தாள். ஜனவரி 14ஆம் நாள் பொங்கல் வெளியீடாகத் திரைக்கு வந்த ‘மின்சாரக் கனவு’ கன்னியர் மடத்தில் சேர விரும்பும் ஓர் இளம்பெண்ணைத் தன் கதைத்தலைவியாக்கியது. பிப்ரவரி 2ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஏற்படுத்திய அர்ப்பண வாழ்வு நாள் முதன்முறையாகத் திருச்சபையெங்கும் கொண்டாடப்பட்டது. செப்டம்பர் 5ஆம் நாள் அன்னை தெரேசா கொல்கத்தாவில் மறைந்தார். அக்டோபர் 19ஆம் நாள் லிசியே நகர்ப் புனித தெரேசா திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டார். இந்நான்கில் முதலாவதையும் மூன்றாவதையும் அனைவரும் கண்டனர். மற்ற இரண்டும் ஆலய அறிவிப்போடு முடிந்தன. அனைவரும் கண்ட அவ்விரண்டு காட்சிகளும் நம் இல்லங்களில் துறவறத்தைப் பற்றி எத்தகைய எண்ணத்தை விதைத்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அழகான படமும் அதன் கேள்வியும்

‘மின்சாரக் கனவு’ ஏவி.எம். நிறுவனத்தின் பொன்விழாக்காலப் படைப்பு. ‘பம்பாய்’ படத்தின் ஒளிப்பதிவாளரான ராஜீவ் மேனன் இயக்கிய முதற்படம். ஏ. ஆர். ரகுமானின் இசைக்கும், எஸ். பி. பாலசுப்பிரமணியம், கே. எஸ். சித்ரா ஆகியோரின் குரலுக்கும், பிரபுதேவாவின் நடன அமைப்புக்கும் 44ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் நான்கு விருதுகள் கிடைத்தன. இவை தகுதியான பரிசுகள் என்பதில் நமக்கு ஐயமில்லை. கிறிஸ்தவக் குடும்பங்களைக் கேலிப்பொருளாக்காமல், அவர்தம் வீட்டையும் ஆலயத்தையும் மதிப்போடு காட்டிய தமிழ்ப்படங்கள் மிகச் சிலவே. அவற்றுள் இதற்கு இடமுண்டு. கிறிஸ்து பிறப்பைப் பாடும் ஒரு பாடலை இப்படத்திற்காக வைரமுத்து எழுத, அனுராதா ஸ்ரீராம் பாடினார். திரையரங்கிலிருந்து அப்பாடல் நேரே நம் பாடற்குழுக்களுக்கு வந்து சேர்ந்தது. கும்மிடிப்பூண்டி முதல் திருவள்ளூர் வரை, கிறிஸ்துமஸ் குடிலருகே கட்டிய ஒலிபெருக்கிகளில் அதைக் கேளாதவர் அரிது. திருப்பலியில் திரைப்பாடல் தகுமா என்னும் வழக்கு ஒருபுறமிருக்க, நம் மக்கள் இப்படத்தைத் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆதலால்தான் இதனை நாம் சற்று உற்றுநோக்க வேண்டியிருக்கிறது. பகைவர் வரைந்த ஓவியத்தை எளிதில் ஒதுக்கிவிடலாம். உறவினர் வரைந்ததை நாமே வீட்டில் மாட்டி வைக்கிறோம்.

கதை அனைவரும் அறிந்ததே. கஜோல் ஏற்ற பிரியா என்னும் பெண் அருட்சகோதரியாக விரும்புகிறாள். அவளை விரும்பும் தாமஸ், அதாவது அரவிந்த்சாமி, அவள் மனத்தை மாற்றும்படி தேவா என்னும் சிகை அலங்காரக் கலைஞனை ஏற்பாடு செய்கிறான். பிரபுதேவா ஏற்ற அந்தத் தேவாவும் பிரியாவும் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்குகின்றனர். தான் ஒரு திட்டத்திற்கு இலக்கானதை அறிந்த பிரியா மனமுடைந்து மீண்டும் மடத்தை நாடுகிறாள். இறுதியில் அவள் தேவாவோடு இணைய, தாமஸ் கத்தோலிக்கக் குருவாகிறான்.

இக்கதையில் இறையழைத்தலுக்கு எத்தனை காரணங்கள் சொல்லப்படுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். தொடக்கத்தில் பிரியாவின் விருப்பம் மடத்துப் பள்ளியில் வளர்ந்த பெண்ணின் இனிய ஆசையாகத் தோன்றுகிறது. உலகத்தை அறிந்தால் அது தானே கரைந்துவிடும் என்பதே படத்தின் அடிப்படை எண்ணம். பின்னர் அதே விருப்பம் ஏமாற்றப்பட்ட நெஞ்சின் புகலிடமாகிறது. முடிவில் தாமசின் குருத்துவமும் காதலில் தோற்றவன் சென்றடையும் துறைமுகமாகவே வருகிறது. ஆக, ஒருவர் துறவறம் நாடுவது ஒன்று அறியாமையால், அல்லது காயத்தால். கடவுள் ஒருவரை அழைக்கக்கூடும் என்பதும், முழு மனத்தோடும் தெளிந்த அறிவோடும் ஒருவர் அவ்வழைப்பை ஏற்கக்கூடும் என்பதும் இக்கதையில் எங்கும் இடம்பெறவில்லை. படம் துறவிகளை இழிவுபடுத்தவில்லை. அவர்களை அன்போடுதான் நடத்துகிறது. ஆயினும் நலம் விசாரித்து மருந்து தரவேண்டிய நோயாளியிடம் காட்டும் அன்பு அது.

இத்தகைய கதைக்கு நீண்ட மரபு உண்டு. 1965இல் வந்த ‘சவுண்ட் ஆப் மியூசிக்’ படத்தின் மரியாவும் மடத்தை விட்டு மணவாழ்வுக்குச் சென்றவளே. தமிழிலோ 1981இல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ காதலுக்காகச் சிலுவையையும் பூணூலையும் கழற்றி எறிந்தது. அதனோடு ஒப்பிட்டால் ராஜீவ் மேனனின் படம் மிகவும் கனிவானது. யாரும் எதையும் எறிவதில்லை. காதலும் சமயமும் கைகுலுக்கிக் கொள்கின்றன. ஆனால் அக்கைகுலுக்கலுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது இறையழைத்தலின் பொருள்.

திருமணத்தைத் தேர்ந்தெடுத்ததற்காகப் பிரியாவின் மீது நாம் குறை சொல்லவில்லை. திருமணமும் அருளடையாளமே. மடத்தின் வாயில்வரை வந்து, தனக்கு உரிய வழி இதுவன்று என உணர்ந்து திரும்பிய பெண் தோற்றவளல்லள். அவள் திரும்பிச் செல்வதற்குத் திருச்சபையே வழி வைத்திருக்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி நவதுறவு நிலை குறைந்தது 12 மாதம். அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு மூன்றாண்டுக்குக் குறையாமல் நீடிக்கும்; வழக்கமாக ஆறாண்டுக்குள்ளும், தேவையெனில் ஒன்பதாண்டு வரையிலும். அதற்குப் பின்னரே நித்திய வார்த்தைப்பாடு. இத்தனை ஆண்டுகளிலும் அப்பெண் தன்னைச் சோதித்தறிகிறாள். சபையும் அவளைத் தேர்ந்தறிகிறது. இருவரில் எவரும் மறுத்துச் சொல்ல உரிமை உண்டு. திரைப்படமோ மடத்தின் கதவை ஒரு முறை சாத்தினால் மீண்டும் திறவாத கதவாக்கி, அது சாத்தப்படுமுன் நாயகன் ஓடிவர வேண்டிய பரபரப்பை உண்டாக்குகிறது.

நம்மை உறுத்துவது வேறொன்று. பிரியாவின் வாழ்வைப் பற்றிய முடிவை முதலில் எடுப்பவர்கள் ஆண்கள் இருவர். அவள் என்ன விரும்புகிறாள், ஏன் விரும்புகிறாள் என்று அவளிடம் அமர்ந்து கேட்பார் எவருமில்லை. அவள் மனத்தை மாற்ற ஆள் வைக்கப்படுகிறது. அது நகைச்சுவையாகவும் நடக்கிறது. உண்மை வெளிப்பட்டபோது அவள் கொள்ளும் சினமே இப்படத்தின் மிக நேர்மையான பகுதி என்பது நம் கருத்து. அந்தச் சினத்தைப் பின்தொடர்ந்து சென்றிருந்தால் இது மிக உயர்ந்த படமாகியிருக்கும். கதை அதைச் சில காட்சிகளிலேயே ஆற்றிவிடுகிறது.

செப்டம்பரின் இரண்டு இறுதி ஊர்வலங்கள்

திரைப்படம் கற்பனை, அதனிடம் மெய்ம்மையை எதிர்பார்க்கலாமா என்று சிலர் கேட்பர். ஆகவே அவ்வாண்டின் மெய்ச்செய்திக்கு வருவோம். ஆகஸ்டு 31ஆம் நாள் பாரிஸ் நகரில் கார் விபத்தொன்றில் இளவரசி டயானா இறந்தார். செப்டம்பர் 6ஆம் நாள் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கு இறுதிச்சடங்கு. அதற்கு முந்தைய இரவு, 87 வயதான அன்னை தெரேசா கொல்கத்தாவில் உயிர்நீத்தார். செப்டம்பர் 13ஆம் நாள் அரசு மரியாதையோடு நேதாஜி உள்ளரங்கில் இறுதித் திருப்பலி. காந்தியடிகளின் உடலையும் நேருவின் உடலையும் சுமந்த பீரங்கி வண்டியே அன்னையின் உடலையும் சுமந்தது. ஏழு நாள் இடைவெளியில் இவ்விரண்டு ஊர்வலங்களையும் உலகம் தொலைக்காட்சியில் நேரடியாகக் கண்டது.

அவ்வாண்டு ஜூன் 18ஆம் நாள் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் இருவரும் சந்தித்திருந்தனர். உயரமான இளவரசியும் குள்ளமான அன்னையும் கைகோத்து நடந்த படம் செப்டம்பரில் எங்கும் வெளிவந்தது. ஒருவர் முகத்தோடு மற்றவர் முகத்தை ஒப்பிட்டு எழுதாத ஏடு குறைவு. யாருக்குக் கூட்டம் அதிகம், யாருக்கு ஒளிபரப்பு நேரம் அதிகம் என்றெல்லாம் கணக்கிட்டனர். நம்மவருள் சிலர், அன்னைக்குக் கிடைக்கவேண்டிய புகழை இளவரசி எடுத்துக்கொண்டார் என வருந்தினர். அவ்வருத்தமே நம்மையும் அந்தக் கணக்குக்குள் இழுத்துவிட்டது. டயானாவின் துயரமும் துயரமே. இளம் வயதில் இரு மைந்தரை விட்டுச் சென்ற ஒரு தாயின் சாவு அது. குறை, இருவரையும் இரண்டு புகழ்முகங்களாக மட்டும் பார்த்த பார்வையில் இருந்தது.

அன்னையின் முகத்தை உலகறியச் செய்ததும் ஒளிப்படக் கருவியே. 1969இல் மால்கம் மகரிட்ஜ் பி.பி.சி.க்காக எடுத்த செய்திப்படத்தால்தான் மேலைநாட்டார் அவரைப் பரவலாக அறிந்தனர். காளிகட்டில் இறப்போர்க்கான இல்லத்தின் உட்புறம் இருண்டிருந்தது. ஆயினும் படச்சுருளில் அவ்விடம் மென்மையான ஒளியோடு பதிந்திருந்தது. மகரிட்ஜ் அதை அற்புத ஒளி என்றே நம்பி எழுதினார். ஒளிப்பதிவாளர் கென் மக்மில்லனோ, அது கோடாக் நிறுவனத்தின் புதுவகைப் படச்சுருளின் திறமே எனப் பின்னாளில் விளக்கினார். நாம் இதைச் சொல்வது அன்னையின் பணியைக் குறைக்க அன்று. அவ்விருண்ட அறையில் நோயாளியைத் துடைத்துவிட்ட கைக்கு அந்த ஒளி தேவைப்படவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நமக்குத்தான் தேவைப்பட்டது.

அவ்வறை எவ்வளவு இருண்டது என்பது பத்தாண்டுகள் கழித்துத் தெரியவந்தது. அன்னையின் மடல்கள் 2007இல் நூலாக வெளிவந்தபோது, அவர் தம் ஆன்ம வழிகாட்டிகளுக்கு எழுதியவற்றைக் கண்டு உலகம் திகைத்தது. கடவுளின் உடனிருப்பை உணர இயலாத வெறுமையில், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் வாழ்ந்திருக்கிறார். 1928இல் லொரேட்டோ சபையில் சேர்ந்தவர். 1946 செப்டம்பரில் டார்ஜிலிங் நோக்கிச் சென்ற இரயிலில் ஏழைகளுக்கான அழைப்பை உணர்ந்தவர். உரிய அனுமதிக்காக ஏறக்குறைய இரண்டாண்டு காத்திருந்து, 1948இல் மடத்தை விட்டுத் தெருவுக்கு வந்தவர். 1950இல் அன்பின் பணியாளர் சபையை நிறுவியவர். பணி வளர வளர உள்ளத்தில் இருள் அடர்ந்தது. உணர்வு தந்த இனிமையால் ஒருவர் துறவியாக நீடிக்கிறார் என்னும் கருத்தை இம்மடல்கள் அடியோடு தகர்த்தன. அவர் நீடித்தது கொடுத்த சொல்லால்.

அன்னை தம் துறவறப் பெயரை எடுத்துக்கொண்டது லிசியே தெரேசாவிடமிருந்து. 15 வயதில் கார்மேல் மடம் புகுந்து 24 வயதில், 1897இல், காசநோயால் இறந்த அப்பெண்ணும் தம் கடைசி ஒன்றரை ஆண்டை நம்பிக்கையின் இருளில் கழித்தவரே. அவர் இறந்து நூறாண்டு நிறைந்த 1997இல் திருத்தந்தை அவரை மறைவல்லுநராக அறிவித்தார். அன்னை தெரேசா மறைந்து ஆறு வாரங்களே ஆகியிருந்தன. நாம் மேலே சொன்ன நான்கு நிகழ்ச்சிகளுள் யாரும் கவனியாத இது, அனைவரும் கண்ட இரண்டுக்கும் விடையாக அமைந்தது. பதினைந்து வயதுப் பெண்ணின் விருப்பம் அறியாமையன்று. ஒளி மறைந்த பின்னும் அது நிலைக்கக்கூடும் என்று திருச்சபை அன்று சொன்னது.

ஒளிப்படக் கருவி வராத இடங்கள்

இனி நம் ஊருக்கு வருவோம். செய்திகள் பாரிசுக்கும் கொல்கத்தாவுக்கும் பறந்த அந்த ஆண்டில் உலகச் செய்தியொன்று நம் கும்மிடிப்பூண்டியிலேயே குடியிருந்தது. 1990 முதல் இங்கே இலங்கைத் தமிழ் ஏதிலியர் முகாம் இருக்கிறது. 1997 மே மாதம் வன்னியில் ‘ஜெயசிக்குறு’ என்னும் பெயரில் இலங்கை இராணுவம் பெரும் படையெடுப்பைத் தொடங்கியது. அம்மண்ணில் உறவுகளை விட்டுவந்தோர்க்கு அதுவே அவ்வாண்டின் தலைப்புச் செய்தி. இன்று அம்முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியுள்ளது; அங்கே பிறந்த குழந்தைகள் பெற்றோராகிவிட்டனர். இன்னொரு புறம் சிப்காட் வளாகம். இரும்பை உருக்கும் உலைகளும் உருட்டாலைகளும் இரவுபகலாக இயங்குகின்றன. முன்பு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்த தொழிலாளரோடு இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோர் சிறு அறைகளில் நெருங்கி வாழ்கின்றனர்.

இவ்விடங்களில் அருட்சகோதரியரைக் காணலாம். ஒருவர் மாலைநேரப் பாடம் சொல்லித் தருகிறார். ஒருவர் உலையில் கை வெந்தவனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார். ஒருவர் கணவனை இழந்தவளுக்கு உதவித்தொகை விண்ணப்பத்தை எழுதித் தந்து, அவளோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் காத்திருக்கிறார். இவர்களுள் எவரும் கனவில் மிதப்பவருமல்லர், காதலில் தோற்று வந்தவருமல்லர், உலகம் போற்றும் புனிதருமல்லர். காலையில் எழுந்து செபித்து, பேருந்தில் நின்றுகொண்டே பயணம் செய்து, உடன்வாழும் சகோதரியோடு சில நாள் மனத்தாங்கலும் கொண்டு, மறுநாள் மீண்டும் புறப்படும் பெண்கள். இப்படி இருபது முப்பது ஆண்டுகள். திரைப்படம் இரண்டரை மணி நேரத்தில் முடியவேண்டும். செய்தி மூன்று நிமிடத்தில் முடியவேண்டும். துறவறத்தின் உட்பொருளோ ஆண்டுகளின் நீளத்தில் இருப்பது. அதைக் காட்ட இவ்விரு ஊடகங்களுக்கும் பொறுமையில்லை என்பதே நம் குற்றச்சாட்டின் சாரம்.

இதனால் விளைந்தது என்ன? இன்று நம் பங்குகளில் ஒரு பெண், “நான் சிஸ்டராகப் போகிறேன்” என்று சொன்னால், தாயின் வாயிலிருந்து வரும் முதற்கேள்வி, “ஏன்மா, யாராவது உன் மனசை நோகடிச்சிட்டாங்களா?” என்பது. இரண்டாவது, “உன்னால அன்னை தெரேசா மாதிரியெல்லாம் இருக்க முடியுமா?” என்பது. முதற்கேள்வி திரைப்படத்திலிருந்து வந்தது. இரண்டாவது தொலைக்காட்சியிலிருந்து வந்தது. ஒன்று அவளை நோயாளியாக்குகிறது. மற்றது அவளை எட்டாத உயரத்தின் முன் நிறுத்தித் திருப்பியனுப்புகிறது. “ஏன் விரும்புகிறாய்? ஆண்டவர் உன்னிடம் என்ன கேட்பதாக உணர்கிறாய்?” என்னும் கேள்வியைக் கேட்பார் குறைவு. தாமசும் தேவாவும் பிரியாவிடம் கேளாத கேள்வியும் அதுவே.

இங்கே திருச்சபையின் வெளியீடுகளையும் விட்டுவைக்க முடியாது. இறையழைத்தல் ஞாயிறன்று நம் கைக்கு வரும் துண்டறிக்கைகளைப் பாருங்கள். மலர்த்தோட்டம், புன்னகை பூத்த இளம் முகங்கள், பின்னால் உதயசூரியன். அவற்றில் முதியவர் முகமோ களைத்த முகமோ இருப்பதில்லை. மடங்களுக்குள் நிகழும் தனிமையையும், சில இடங்களில் சகோதரியர்க்கு இழைக்கப்படும் அநீதிகளையும் பற்றி நாளேடுகள் எழுதிய பிறகே நம்மிடையே பேச்சு எழுகிறது. 2007இல் வெளியான மடல்களைவிட 1997இல் வெளியான திரைப்படத்துக்கே இத்துண்டறிக்கைகள் நெருங்கிய உறவு. கனவைக் காட்டி அழைத்தால், கனவு கலைந்த அன்று போனவர் திரும்புவர். அல்லது திரும்பவும் வழியறியாது வாடுவர். இதில் துன்புறப் போவது நம் வீட்டுப் பெண்களே.

1963இல் வெளியான சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய சங்க ஏட்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஊடகம் படைப்போரின் கடமையை மட்டும் பேசவில்லை. காண்போர்க்கும் தேர்ந்து தெளியும் கடமை உண்டு என வலியுறுத்தியது. ‘மின்சாரக் கனவு’ படத்தை வீட்டில் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள்; இசையை மகிழ்ந்து கேளுங்கள். படம் முடிந்தபின், அப்பெண்ணிடம் ஒருவராவது அவள் விருப்பத்தின் காரணத்தைக் கேட்டார்களா என்று பிள்ளைகளிடம் வினவுங்கள். பிப்ரவரி 2ஆம் நாள் ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவன்று, நம் பங்கில் பணியாற்றும் சகோதரியரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தியனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். வீட்டிற்கு அழைத்து உணவு படைத்து, எத்தனை ஆண்டாயிற்று, எது கடினமாயிருந்தது, எது தாங்கி நிறுத்தியது என்று உங்கள் மகளும் மகனும் கேட்கும்படி அவர்களைப் பேசவிடுங்கள். அவ்வுரையாடலைக் கேட்ட பெண் துறவறத்தைத் தேர்ந்தாலும் திருமணத்தைத் தேர்ந்தாலும், தான் எதைத் தேர்கிறோம் என்பதை அறிந்தே தேர்வாள்.